ஆறாம் கேள்விக்குப் பதில் எழுதியவர்

கான்சஸ் சமவெளியில் மில்போர்க் என்ற ஊர். அங்கே நண்பர்கள் சபைக்குப் பத்தொன்பது வருஷம் எழுத்தராக இருந்தவர் சிம்ரி ஹாட்ஜின். சம்பளம் இல்லாத வேலை. அந்தச் சபையில் போதகர் கிடையாது, பாட்டுக் கிடையாது, கை தூக்கி ஓட்டுப் போடுகிற வழக்கமும் கிடையாது. எல்லோரும் பெஞ்சில் மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். ஆண்டவர் யார் உள்ளத்தையாவது தட்டி எழுப்பினால் அவர் எழுந்து பேசுவார். பிறகு மறுபடி மௌனம். அந்த மௌனத்துக்குள் காது வைத்துக் கேட்டு, சபையின் மனசு இதுதான் என்று நோட்டில் எழுதி, எழுதிய கையோடு உரக்கப் படிப்பது எழுத்தரின் வேலை. யாரும் மறுக்கவில்லையென்றால் அது சபையின் வார்த்தை.

சிம்ரி எழுதிய நோட்டில் உண்மை அல்லாத வரி ஒன்றுகூட இல்லை என்பது ஊர் அறிந்த விஷயம். ஒரு தடவை, "கூரை வேலை முடிந்தது" என்று எழுதிப் படித்துவிட்டார். வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால் மூலையில் ஒரு மர ஓடு பாக்கி. கோட்டைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டு, ஏணி வைத்து ஏறி, தானே அதை ஆணி வைத்து அடித்துவிட்டுத்தான் சாப்பிடப் போனார். அப்போது வயது ஐம்பத்தாறு, முழங்கால் வலிக்காரர். ரூத்தன்னா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வார்த்தையை அடிச்சிருந்தா போதும், நீ ஆணி அடிச்சுக்கிட்டு இருக்கே" என்றாள். ரூத்தன்னா அவர் மனைவி. அந்தச் சபையார் யாரையும் ஒருமையில்தான் பேசுவார்கள். புருஷனானாலும் நீதான், நீதிபதியானாலும் நீதான். மனுஷருக்குள் மேல் கீழ் இல்லை என்பது அவர்கள் விசுவாசம்.

வருஷத்துக்கு ஒரு முறை, எட்டாம் மாதத்தில், சபையை நோக்கிச் சில கேள்விகள் படிக்கப்படும். அன்பாக இருக்கிறீர்களா, மதுவைத் தொடாமல் இருக்கிறீர்களா என்று வரிசையாக வரும். ஆறாவது கேள்வி இது: "போரிலிருந்தும் போரைச் சேர்ந்த எல்லாக் காரியங்களிலிருந்தும் விலகித் தெளிவாக இருக்கிறீர்களா?" பதினெட்டு வருஷமாகச் சிம்ரி ஒரே பதிலை எழுதிவந்தார்: "எங்களுக்குத் தெரிந்தவரை தெளிவாக இருக்கிறோம்." அந்தப் பதில் பத்தாம் மாதம் கூடும் பெரிய கூட்டத்துக்குப் போகும். மற்றச் சபைகளிலிருந்தும் அதே பதில்தான் வரும். அந்தப் பதினெட்டு வருஷத்தில் மில்போர்க்கில் யாரும் போரைக் கண்ணால் பார்க்காததால், தெளிவாக இருப்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

அப்போதுதான் ஐரோப்பாவில் சண்டை மூண்டது. வாஷிங்டனிலிருந்து ஜனாதிபதி மக்களைக் கேட்டுக்கொண்டார்: கையால் மட்டுமல்ல, மனசாலும் யார் பக்கமும் சாயாதீர்கள் என்று. மில்போர்க் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டது. நாவிதர், "சவரம் நடக்கும்போது சண்டைப் பேச்சு வேண்டாம்" என்று எழுதி ஒட்டினார். மளிகைக்கடைக்காரர் ஐரோப்பா படம் ஒன்றை மாட்டி, இரண்டு பக்கத்துப் படைக்கும் குண்டூசி குத்தினார். நீல ஊசி கறுப்பு ஊசியைவிடப் பளபளவென்று இருக்கிறது, இது பாரபட்சம் என்று ஒருவர் குறை சொன்னதும் படத்தை இறக்கிவிட்டுச் சோப்புக் காலண்டரை மாட்டினார். உலகம் இருட்டில் கிடக்கிறது, நம் நாடு மட்டும் விளக்கை ஏந்தி மேட்டில் நிற்கிறது என்று செய்தித்தாள் எழுதியது. அதே தாளின் கடைசிப் பக்கத்தில் கோதுமை விலை ஏறிக்கொண்டே போனது. உலகத்துக்காக அழுதது ஊர், அழுதுகொண்டே கோதுமை விற்றது.

நண்பர்கள் சபையார் சந்தோஷத்துக்கு அளவே இல்லை. சபையில் வசதியானவரும் பேச்சில் வல்லவருமான மைலோ பீசன் எழுந்து, "இருநூத்தம்பது வருஷமா நாம சொல்லிக்கிட்டு இருந்தோம். இப்பத்தான் இந்த நாடு நம்ம பெஞ்சுல வந்து உக்காந்திருக்கு" என்றபோது, பல பேர் கண்களில் தண்ணீர்.

மறு வருஷம் வசந்தத்தில் ஸ்லோகம் என்று ஒருவன் வந்தான். கால்நடைத் தரகன். நண்பர்கள் சபையான் அல்ல, பாப்டிஸ்ட் சபையான். நாலு வயதுக்கு மேல், பல் சரியாக உள்ள கோவேறு கழுதை எத்தனை இருந்தாலும் எடுத்துக்கொள்கிறேன், வழக்கமான விலையைவிட ஒன்றரை மடங்கு என்றான்.

தானியக் கிடங்கு வாசலில் மைலோ அவனை எல்லார் முன்னாலும் கேட்டார். "ஸ்லோகம், இது சண்டைக்குப் போகுதா?"

"நான் எங்கே சண்டைக்கு அனுப்புறேன்? நான் ரயிலுக்கு அனுப்புறேன்."

"அப்படியே போனாலும், ஒரு பக்கத்துக்கு மட்டும் குடுக்கிறது நடுநிலையா?"

"அட, ஜெர்மன்காரன் வந்தா அவனுக்கும் குடுப்போம்ல? வேண்டாம்னு சொன்னோமா? அவன் கப்பலை இங்கிலீஷ்காரன் கடல்ல மறிச்சு வச்சிருக்கான். அதைப் போய் நாம விலக்கிவிட முடியுமா? விலக்கினா அது தலையீடு. நாமதான் நடுநிலையாச்சே!"

மைலோ தன் தொழுவம் இருந்த திசையைப் பார்த்தார். "சட்டமும் விக்கலாம்னுதான் சொல்லுது" என்றார். அந்த வாரமே நாலு கோவேறு கழுதைகள் அவர் தொழுவத்தை விட்டுப் போயின. அதற்குள் ஊர் முழுக்க நல்ல நல்ல காரணங்கள் முளைத்தன. கழுதை ஆயுதமல்ல. கழுதைக்கு எந்தக் கட்சியும் தெரியாது. பாப்டிஸ்ட் ஒருவன் தான் வாங்கிய மிருகத்தை என்ன செய்கிறான் என்பது அவனுக்கும் ஆண்டவருக்கும் உள்ள விஷயம். எதிலும் சேராத ஒருவர் மட்டும் இருந்தார்: தெல்பினா நியூலின், எழுபது வயது விதவை. "எங்கிட்ட கழுதை இல்ல. அதனால நான் ரொம்ப நல்லவ" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

சிம்ரியிடம் ஜெமீமா என்றொரு கோவேறு கழுதை இருந்தது. ரூத்தன்னாவுக்குக் கிணற்றில் இறைத்து இறைத்துத் தோள்மூட்டு தேய்ந்து போயிருந்தது. ஒரு பம்பு வைத்துவிட்டால் அவளுக்கு விடிவு. ஜெமீமாவை விற்றார். அன்று சாயங்காலமே கிணற்றுக்குப் பம்பு வந்துவிட்டது. ரூத்தன்னா முதல் குடம் பிடித்துவிட்டுக் கேட்டாள்:

"எங்கே கொண்டு போறான்னு கேட்டியா?"

"கேக்கல."

"ஏன் கேக்கல?"

"கேட்டா சொல்லிடுவான்."

அவள் பம்புக் கைப்பிடியை இன்னும் இரண்டு தரம் அடித்தாள். "நீ பதில் சொல்றதுல பொய் இல்ல சிம்ரி. கேள்வி கேக்கிறதுலதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அதோடு போயிருக்கும். ஆனால் மறுநாள் சிம்ரிக்குச் சுருக்கென்று ஒன்று நினைவு வந்தது. ஜெமீமாவின் குறையைச் சொல்லாமல் விற்றுவிட்டார். அது தகர வாளியில் தண்ணீர் குடிக்காது, மரத்தொட்டியில்தான் குடிக்கும். குறையை மறைத்து விற்பது அந்தச் சபையாருக்குத் திருட்டுக்குச் சமம். உடனே வண்டியைக் கட்டிக்கொண்டு ஒன்பது மைல் தள்ளியிருந்த ரயிலடிக்குப் போனார்.

அங்கே அடைப்புக்குள் முந்நூறு நானூறு மிருகங்கள். ஒவ்வொன்றையும் பிடித்து நிறுத்தி, அம்பு முனை மாதிரி ஒரு பட்டாள முத்திரையைக் காய்ச்சித் தொடையில் வைத்துக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வைக்கு ஒரு இங்கிலீஷ் அதிகாரி. அதே ரயிலின் முன்பெட்டியில் ஊர்ப் பெண்கள் சுருட்டிக் கொடுத்த காயக்கட்டுத் துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதில் பாதி, ரூத்தன்னாவின் கையால் சுருட்டியது.

"என்ன வேணும் பெரியவரே?" என்றார் அதிகாரி.

"நேத்து நான் வித்த கழுதைக்கு ஒரு குறை இருக்கு. உங்கிட்ட சொல்லிட்டுப் போக வந்தேன்" என்று வாளி விஷயத்தைச் சொன்னார் சிம்ரி.

அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஆறு மாசமா இந்த நாட்டுல கழுதை வாங்குறேன். குறை சொல்ல வந்த முதல் ஆள் நீங்கதான். சரி, உங்களையே கேக்கிறேன். பெரிய சத்தம் கேட்டா அது மிரளுமா?"

கேள்வி எங்கே போகிறது என்று சிம்ரிக்குப் புரிந்துவிட்டது. தெரியாது என்றால் பொய். மிரளும் என்றால் அதுவும் பொய். பேசாமல் திரும்பிப் போகலாம். ஆனால் குறையைச் சொன்னவன் குணத்தை மறைப்பதா? பத்தொன்பது வருஷத்துப் பழக்கம் அவருக்கு முன்னால் பேசிவிட்டது.

"மிரளாது. போன வருஷம் கதிரடிக்கிற எந்திரம் பக்கத்துலயே வெடிச்சுது. அது பாட்டுக்கு வைக்கோல் தின்னுச்சு."

"நல்லது" என்று அதிகாரி திரும்பி, "அந்தப் பழுப்புக் கழுதையைச் சாமான் வரிசையிலிருந்து எடுத்து, பீரங்கி வரிசையில விடு!" என்று கத்தினார். பிறகு தொப்பியைத் தொட்டு, "உங்களை மாதிரி நேர்மையானவங்க இருக்கிற வரைக்கும் எங்களுக்குக் கவலையில்ல" என்றார். ஜெமீமா சிம்ரியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பீரங்கி வரிசைக்கு நடந்து போனது.

வீட்டுக்கு வந்து சிம்ரி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பம்புத் தண்ணீரை மட்டும் குடித்தார்.

எட்டாம் மாதக் கூட்டம் வந்தது. ஐந்து கேள்வி ஒழுங்காக முடிந்தது. ஆறாவதைச் சிம்ரியே படித்தார். மௌனம். மைலோ மெல்ல எழுந்தார்.

"எப்பவும் எழுதுறதையே எழுது சிம்ரி. நமக்குத் தெரிஞ்சவரைக்கும் தெளிவா இருக்கோம்."

சிம்ரி பேனாவைத் தொட்டார், எடுக்கவில்லை. "எனக்குத் தெரியுமே மைலோ."

"தெரிஞ்சத நீ சொல்லாம இருந்தா சபைக்குத் தெரியாதில்ல?"

பெண்கள் பக்கத்திலிருந்து தெல்பினா: "ஆகா! அதான் நாலு மாசமா இந்த ஊர்ல யாரும் யாரையும் நலம்கூட விசாரிக்கல. தெரிஞ்சுறப் போகுதேன்னு பயம்."

"தெல்பினா, பேசணும்னா ஆவியானவர் ஏவின பிறகு எழுந்து பேசு" என்றார் மைலோ.

"முழங்கால் ஏவமாட்டேங்குது. உக்காந்தே பேசுறேன்."

மறுபடி மௌனம். பன்னிரண்டு மணி ஆயிற்று. வெளியே மரத்தடியில் மூடி வைத்த கோழிக்கறியும் பீன்ஸும் ஆறிக்கொண்டிருந்தன. ஒரே ஒருவர் ஒப்பாவிட்டாலும் அங்கே எதுவும் நகராது. ஒப்பாதவர் எழுத்தராகவே இருந்துவிட்டதால் எழுத ஆளும் இல்லை. ஒரு மணிக்கு மைலோ பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "உன் மனசாட்சி உன்னுது. அதை எங்க தலையில ஏன் கட்டுறே? உன்னைப் பத்தி மட்டும் எழுது."

சிம்ரிக்கு அதில் பொய் எதுவும் அகப்படவில்லை. எழுதிப் படித்தார்: "தெரிந்தவரை தெளிவாக இருக்கிறோம், சிம்ரி ஹாட்ஜின் என்ற ஒருவரைத் தவிர. அவருக்குத் தெரியும்."

அவ்வளவு சீக்கிரம் அந்தச் சபை எதற்கும் ஒருமனப்பட்டதில்லை. "நல்ல வார்த்தை", "நானும் ஒப்புறேன்" என்று பெஞ்சுக்குப் பெஞ்சு குரல் வந்தது. ஒரே ஒரு பாவி அகப்பட்டதில் எல்லோருக்கும் மனசு லேசாகி, அன்றைக்குக் கோழிக்கறி முழுவதும் தீர்ந்துபோனது.

தவறியவர் ஒருவர் இருந்தால் மூன்று பேர் கொண்ட குழு அவரை வீட்டில் போய்ப் பார்த்து, அன்பாகப் புத்தி சொல்லி, ஒப்புதல் காகிதம் எழுதி வாங்க வேண்டும் என்பது சபை ஒழுங்கு. அந்தக் காகிதம் சபை முன்னால் படிக்கப்பட்டு நோட்டில் ஏறினால் மன்னிப்பு. நாலு கழுதை விற்ற மைலோவும், இரண்டு கழுதை விற்ற ஆசா மில்ஸும், ஒரு கழுதையும் அதன் சேணமும் விற்ற இன்னொருவரும், ஒரு கழுதை விற்ற சிம்ரிக்குப் புத்தி சொல்ல மைலோவின் புதுக் காரில் வந்து இறங்கினார்கள்.

ரூத்தன்னா ஆப்பிள் பலகாரம் எடுத்து வைத்தாள். "உக்காருங்க. பாவியோட வீட்டுல சாப்பிடலாமில்ல?"

"அப்படிச் சொல்லாதே ரூத்தன்னா. நாங்க துக்கத்தோட வந்திருக்கோம்" என்றார் மைலோ.

"துக்கத்துக்குக் கார் நல்லா ஓடுதே."

மைலோ சிம்ரி பக்கம் திரும்பிக்கொண்டார். "ரெண்டே வரி எழுதிக் குடு. வருத்தப்படுறேன்னு. முடிஞ்சுது."

"எதுக்கு வருத்தப்படுறேன்னு எழுத வேண்டாமா?"

"அதான் எல்லாருக்கும் தெரியுமே!"

"தெரியாதுன்னுதானே மைலோ எழுதி வச்சிருக்கோம்" என்றார் சிம்ரி. கிண்டலாகச் சொல்லவில்லை. அவருக்குக் கிண்டல் வராது.

ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினார். ஒப்புதல் என்றால் நடந்தது நடந்தபடி இருக்க வேண்டும். நாள், இடம், யார் யார் இருந்தார்கள் எல்லாம். எழுதியதைக் குழுவிடம் காட்டினார். மூன்று பேரும் ஒரே காகிதத்தில் தலையைக் குனிந்து படித்தார்கள். படிக்கப் படிக்க ஆசா மில்ஸின் காது சிவந்தது.

"இதுல எங்க பேரு எதுக்கு?" என்றார் மைலோ.

"ஸ்லோகம் வாசல்ல வரிசையில நின்னேன். எனக்கு முன்னால நீ நின்னே, பின்னால ஆசா நின்னான். எது பொய்யின்னு சொல்லு, அடிச்சிடுறேன்."

"சுருக்கமா இருந்தா ஆவிக்குரியதா இருக்கும்" என்றார் ஆசா. அதோடு எழுந்து போய்விட்டார்கள்.

ஒன்பதாம் மாதக் கூட்டத்தில் மைலோ குழுவின் சார்பாக எழுந்தார். "நண்பர் சிம்ரியைப் பாத்தோம். இளகின மனசோட இருக்கான். காகிதம் தேவையில்லைன்னு எங்களுக்குத் தோணுது. அவனும் தெளிவாத்தான் இருக்கான்னே எழுதிடலாம்." நூறு தலைகள் நன்றியோடு ஆடின.

சிம்ரி எழுந்தார். அந்தச் சபையை விட்டால் அவருக்கு வேறு உலகம் இல்லை. சிநேகிதர், உறவினர், நாளைக்கு அவரைக் குழியில் இறக்கப் போகிறவர்கள் எல்லோரும் அந்தப் பெஞ்சுகளில்தான் உட்கார்ந்திருந்தார்கள். "ஆண்டவரே" என்று உள்ளுக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் காகிதத்தைப் பிரித்தார்.

"நான்காம் மாதம் பன்னிரண்டாம் நாள், ஸ்லோகத்தின் அடைப்பு வாசலில், என் கோவேறு கழுதை ஜெமீமாவை விற்றேன். எங்கே போகிறது என்று வேண்டுமென்றே கேட்கவில்லை. எனக்கு முன்னால் மைலோ பீசன் நாலு கழுதைகளோடு நின்றார். பின்னால் ஆசா மில்ஸ் இரண்டோடு நின்றார். வரிசையில் நின்றபோது அவர்களும் கேட்கவில்லை. மறுநாள் நானே ரயிலடிக்குப் போய், அது பெரிய சத்தத்துக்கு மிரளாது என்று சாட்சி சொன்னேன். அதனால் அதைப் பீரங்கி வரிசையில் விட்டார்கள். வந்த பணத்தில் என் வீட்டில் பம்பு இருக்கிறது. தண்ணீர் நன்றாக வருகிறது. நான் போரிலிருந்து தெளிவாக இல்லை."

உட்கார்ந்தார். மௌனம் வந்தது. எத்தனையோ மௌனத்தை எழுதியவர் அவர். இந்த மௌனத்தைப் படிக்க அவருக்குத் தெரியவில்லை. கோபமா, வெட்கமா, பசியா? மைலோ முன்பெஞ்சில் முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழப் பார்த்தார், உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். இந்தக் காகிதத்தை நோட்டில் ஏற்றக் கூடாது என்று சொல்லப் போகிறார் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

"அந்தக் காகிதத்துல ஒரு தப்பு இருக்கு" என்றார் மைலோ. "சிம்ரி தெரியாம எழுதிட்டான். ஆனா நோட்டுல ஏறப் போறதாச்சே, தப்பா ஏறக் கூடாது. நாலு இல்ல. அஞ்சு. ஒண்ணைச் சாயங்காலம் தனியா அனுப்பினேன்."

சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டவர் போல முழித்தார்.

அடுத்து ஆசா மில்ஸ் எழுந்தார். "எனக்குப் பின்னால நின்னது யாருன்னு காகிதத்துல விட்டுப்போச்சு. விட்டுப்போனா வரிசை சரியா இருக்காது" என்று தன் மச்சானைப் பார்த்தார். மச்சான் எழுந்து, "ரெண்டு. ஆனா ஒண்ணு நொண்டி, திருப்பி அனுப்பிட்டாங்க. அதனால ஒண்ணுன்னு எழுதணும்" என்றார். நொண்டி எந்தக் காலில் என்று ஒருவர் கேட்டார். அந்தப் பக்கத்தில் ஒருவர், நான் கழுதை விற்கவில்லை, குதிரை விற்றேன், அதைக் கழுதையென்று எழுதக் கூடாது என்று எழுந்தார். உண்மையை மறைக்கச் சம்மதித்திருந்த அந்த ஜனங்களால், அது தப்பாக எழுதப்படுவதை மட்டும் பொறுக்க முடியவில்லை.

"எங்கிட்ட கழுதை இல்ல" என்றாள் தெல்பினா. "ஆனா ஆசாவுக்கு வைக்கோல் வித்தேன். அதைத் தின்னுட்டுத்தான் அதுங்க ரயில் ஏறுச்சு. அதையும் போடு. குதிரைக்கு எவ்வளவு, கழுதைக்கு எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது."

மூன்று மணி வரைக்கும் போயிற்று. சிம்ரி நோட்டை முழங்காலில் வைத்து எழுதினார், அடித்தார், திருத்தினார், திருத்தியதைப் படித்தார். கடைசியில் ஆறாம் கேள்விக்கு எதிரே இருந்த பழைய வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு, "தெளிவாக இல்லை. விவரம் அடுத்த மூன்று பக்கங்களில்" என்று எழுதி, உரக்கப் படித்து, நிமிர்ந்து பார்த்தார். யாரும் மறுக்கவில்லை. மைலோ மட்டும், எழுத்தை இன்னும் கொஞ்சம் சின்னதாக எழுதியிருக்கலாம் என்றார்.